நாசரேத்தூரும் நட்டாலமும்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 14-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. எசேக்கியேல் 2:2-5, 2 கொரிந்தியர் 12:7-10, மாற்கு 6:1-6)

இன்றைய நற்செய்தியில் இயேசு தாம் வளர்ந்த ஊருக்கு வருகிறார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் கற்பிக்கிறார். கேட்டவர்கள் முதலில் வியந்துபோகிறார்கள். ஆனால் அந்த வியப்பு நீடிக்கவில்லை. உடனே ஒருவரை ஒருவர் பார்த்துக் கேள்விகள் கேட்கத் தொடங்குகிறார்கள். இந்த ஆளுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? இவர் தச்சு வேலை செய்தவர்தானே? மரியாவின் மகன்தானே? யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் எல்லாரும் இவருடைய சகோதரர்கள்தானே? சகோதரிகள் நம் தெருவில்தானே இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்போம். இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. தொழில் சரி, தாயின் பெயர் சரி, சகோதரர்களின் பெயர்களும் வரிசையாகச் சரி. நாசரேத்து மக்கள் இயேசுவைப் பற்றித் தவறான செய்தி எதையும் பரப்பவில்லை. தங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே சொன்னார்கள். அந்தத் தெரிந்ததே அவர்களுடைய கண்ணை மறைத்தது. அக்காலத்தில் ஒரு மனிதரைத் தந்தையின் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். இங்கே தாயின் பெயரைச் சொன்னதில் ஒரு குத்தலும் இருந்திருக்கலாம் என்று விவிலிய அறிஞர் சிலர் கருதுகிறார்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட விசாரிப்பை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக ஒருவர் வந்தால் முதல் கேள்வி, “எந்த ஊரு?” இரண்டாவது, “யாருக்க மவன்?” மூன்றாவது கேள்வியைப் பல வேளைகளில் வாய்விட்டுக் கேட்பதில்லை. முதல் இரண்டு பதில்களிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். கடற்கரை ஊரா, உள்நாட்டு ஊரா, எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு, அந்த மனிதர் வாய் திறந்து பேசும்போது நாம் பாதிதான் கேட்கிறோம்.

நாசரேத்தில் இயேசுவால் வல்ல செயல் எதுவும் செய்ய முடியவில்லை என்று மாற்கு எழுதுகிறார். எழுதிவிட்டு உடனே ஒரு விதிவிலக்கையும் சேர்க்கிறார். உடல்நலமற்றோர் சிலர்மேல் மட்டும் கைகளை வைத்துக் குணமாக்கினாராம். இந்த வரியை நாம் வழக்கமாக வேகமாகக் கடந்துவிடுகிறோம். ஊரே முகம் திருப்பிக்கொண்ட நாளிலும் சிலர் அவரிடம் வந்தார்கள். நோயாளிகளான அவர்கள் தொழுகைக்கூடத்தில் நின்று கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. “இவர் யாருடைய மகன்” என்று ஆராயும் வசதியும் அவர்களுக்கு இருந்திருக்காது. அன்று நாசரேத்தில் கடவுளின் ஆசியைப் பெற்றவர்கள் அவர்கள் மட்டுமே.

இதே நாசரேத்து நிகழ்ச்சியை லூக்கா இன்னும் விரிவாகச் சொல்கிறார். அங்கே இயேசு தம் ஊராருக்கு இரண்டு பழைய கதைகளை நினைவூட்டுகிறார். ஒன்று, பஞ்ச காலத்தில் எலியாவுக்கு உணவு கொடுத்த சாரிபாத்து ஊர்க் கைம்பெண். மற்றொன்று, சிரியா நாட்டுப் படைத்தலைவர் நாமான். இருவரும் வேற்றினத்தார். இதைக் கேட்டதும் தொழுகைக்கூடத்தில் இருந்தவர்களுக்குக் கோபம் பொங்கியது. அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். அவர்களை இவ்வளவு சுட்ட அந்த நாமானின் கதையை நாமும் ஒருமுறை பார்ப்போம். அரசர்கள் இரண்டாம் நூல் 5-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது.

நாமான் பெரிய வீரர், மன்னரின் நம்பிக்கைக்கு உரியவர். ஆனால் தொழுநோயாளி. அவருடைய மனைவிக்குப் பணிவிடை செய்ய ஒரு சிறுமி இருந்தாள். இஸ்ரயேலில் கொள்ளைக்குப் போன படையினர் பிடித்துக்கொண்டு வந்த சிறுமி. தாய் தகப்பனிடமிருந்து பறிக்கப்பட்டு, எதிரியின் வீட்டில் வேலை செய்கிறவள். சமாரியாவில் ஓர் இறைவாக்கினர் இருக்கிறார், அவரிடம் போனால் எசமானருக்குக் குணமாகும் என்று அவள்தான் சொல்கிறாள். நாமான் பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் பொற்காசு, பத்து உடைகள், அரசரின் மடல் எல்லாம் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். எலிசாவோ வாசலுக்குக்கூட வரவில்லை. யோர்தானில் ஏழுமுறை மூழ்கும்படி ஆள் அனுப்பிச் சொல்கிறார். நாமானுக்கு ஆத்திரம் வருகிறது. தமஸ்கு நகரில் இல்லாத ஆறா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். அப்போது அவரைத் தேற்றி, யோர்தானுக்கு அழைத்துப்போனவர்களும் அவருடைய வேலைக்காரர்களே.

தாழ்ச்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பேச்சு. “அடியேன் ஒன்றுமில்லை”, “என்னால் என்ன முடியும்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது. மேடையில் பொன்னாடை போர்த்தும்போது இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை வாங்கிக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளலாம். நாமானிடம் இறைவன் கேட்ட தாழ்ச்சி வேறு. அடிமைச் சிறுமி சொன்னதைக் கேட்டுப் பயணம் புறப்பட வேண்டும். வேலைக்காரர் சொன்னதைக் கேட்டுத் தண்ணீரில் இறங்க வேண்டும். ஏழைக்குக் கொடுப்பது ஓரளவு எளிது. கொடுக்கிற கை மேலேதான் இருக்கும். அவரிடமிருந்து வாங்கிக்கொள்வதும், அவர் சொல்லக் கேட்டு நம் வழியை மாற்றுவதும்தான் நம்மால் எளிதில் முடியாதவை.

நம் மண்ணிலும் ஒருவர் இப்படிக் கேட்டார். விளவங்கோடு வட்டம் நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்த நீலகண்டன். அன்றைய சமூகம் உயர்ந்தது என்று மதித்த நாயர் குடும்பம். மார்த்தாண்ட வர்மா மன்னரின் காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணி. அவருடைய வாழ்வைத் திருப்பிய மனிதரோ ஒரு போர்க்கைதி. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் போரில் டச்சுப் படை திருவிதாங்கூரிடம் தோற்றது. அதில் சிறைப்பட்டவர்களில் ஒருவர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். பிறகு அவர் மன்னரின் படைக்குப் பயிற்சி அளிப்பவரானார். உதயகிரிக் கோட்டைப் பணிகளிலும் ஈடுபட்டார். புலியூர்க்குறிச்சியில் இருக்கும் அந்தக் கோட்டையை டிலனாய் கோட்டை என்றே நம்மவர்கள் இன்றும் அழைக்கிறார்கள். அவருடைய கல்லறையும் அதற்குள்தான் இருக்கிறது.

நீலகண்டனுக்கு அப்போது குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பம். மாடுகள் இறந்தன, சொத்து குறைந்தது, மனம் சோர்ந்தார். அவருடைய முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. இதில் இருந்த இடைவெளியை இன்று நாம் எளிதில் உணரமாட்டோம். ஒருவர் அரண்மனை அலுவலர். மற்றவர் தோற்றுப்போன நாட்டுக்காரர், கடல் கடந்து வந்தவர், அக்கால வழக்கப்படி தீட்டுக்கு உரியவர். போர்க்கைதிக்கு என்ன தெரியும் என்று நீலகண்டன் எழுந்துபோயிருந்தால் கேட்பவர் யாருமில்லை. அவர் எழுந்துபோகவில்லை. உட்கார்ந்து கேட்டார். நாமானின் வீட்டில் சிறைப்பட்ட சிறுமி பேசினாள், படைத்தலைவர் கேட்டார். இங்கே சிறைப்பட்ட படைத்தலைவர் பேசினார், அரண்மனை அலுவலர் கேட்டார்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். பெற்ற பெயர் இலாசர். அதன் பொருள்தான் தமிழில் தேவசகாயம், கடவுளின் உதவி. இலாசர் என்றதும் பெத்தானியாவில் உயிர்பெற்று எழுந்தவரை நினைக்கிறோம். லூக்கா நற்செய்தியில் செல்வரின் வாயிலருகே புண்களோடு கிடந்த ஏழைக்கும் அதே பெயர்தான். இயேசு சொன்ன உவமைகளில் பெயர் சொல்லப்பட்ட ஒரே மனிதர் அந்தப் பிச்சைக்காரர். விருந்து உண்ட செல்வருக்கு உவமையில் பெயரே இல்லை.

அதன்பிறகு தேவசகாயம் செய்ததைத்தான் சுற்றியிருந்தவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் செபித்ததை ஒருவேளை மன்னித்திருப்பார்கள். ஆனால் அவர் எல்லாச் சாதியாரோடும் பழகினார், அவர்களோடு அமர்ந்து உண்டார், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று சொன்னார். 1749-இல் சிறைப்படுத்தப்பட்டார். மூன்று ஆண்டுகள் வதை. எருமைமேல் பின்புறம் நோக்கி உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். கழுத்தில் எருக்கலம்பூ மாலை. அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி. ஒரு மனிதரின் மதிப்பை ஊரார் கண்முன் கழற்றி எறிவதற்கு அன்று தெரிந்த வழிகள் இவை.

ஆனால் நடந்தது வேறு. பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தபோது மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். செபம் கேட்டார்கள், ஆறுதல் பெற்றார்கள். அரண்மனையில் பொறுப்பில் இருந்தபோது அவரிடம் யாரும் ஆசி கேட்டு வந்ததாகக் கதை இல்லை. மரத்தில் கட்டப்பட்டு, காவலர் நடுவே நின்றவரிடம்தான் வந்தார்கள். வந்தவர்கள் எளியவர்கள். அரசு எதிரி என்று முத்திரை குத்திய மனிதரிடம் ஆசி பெறப் போவதில் அவர்களுக்கு ஆபத்தும் இருந்தது. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியவர் முழங்கையால் பாறையில் இடித்தபோது நீர் சுரந்தது என்று நாம் நம்பி, முட்டிடிச்சான் பாறைக்கு இன்றும் போகிறோம். அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அந்தக் கட்டப்பட்ட மனிதரைத் தேடி வந்தவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கே நிறுத்தினால் பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வடக்கன்குளத்துக்கு நாம் ஒருமுறை திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே ஊர். சாதி பாராமல் உண்டதற்காக உயிர்கொடுத்த ஒருவரை இறைவனுக்குப் பெற்றெடுத்த ஊர். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயத்தில் ஒரே பலிபீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிப் பகுதிகள் இருந்தன. ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவே தடுப்பு. மேலிருந்து பார்த்தால் கால்சட்டையின் இரு கால்களைப் போல இருந்ததாக ஒப்பிட்டுச் சொல்வார்கள். 1910-இல் பங்குத்தந்தை கௌசானெல் அடிகளின் காலத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை மீண்டும் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் போனவர்கள் கிறிஸ்தவர்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்துக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கேட்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. திருவிருந்தில் ஒரே அப்பத்தை உண்பவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதை ஆங்கிலேய அரசின் நீதிமன்றம் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அது வேறு காலம், பக்கத்து மாவட்டம் என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. சுவர் இடிந்தாலும் கணக்கு இடியவில்லை. தமிழகத்தில் இன்றும் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் வைத்திருக்கும் பங்குகள் உண்டு. திருவிழாவில் கொடி ஏற்றுவது யார், தேர் எந்தத் தெரு வரை போகும், எந்தத் தெருவில் திரும்பிவிடும் என்பதற்காகக் காவல் நிலையம் வரை போகிறோம். தாழ்ச்சியைப் பற்றி நன்றாகப் பாடுகிற பாடற்குழு இருக்கும் பங்கிலும் இது நடக்கிறது.

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, தேவசகாயத்தின் பெயரோடு சாதிப்பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. தேவசகாயம் பிள்ளை என்றுதான் அச்சடித்தோம், அப்படித்தான் பாடினோம். சாதிக்கு எதிராக நின்றவருக்குச் சாதிப்பட்டம் எதற்கு என்று சிலர் உரோமைக்கு எழுதிக் கேட்டார்கள். 2022 மே 15 அன்று புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது வாசிக்கப்பட்ட பெயர் தேவசகாயம் மட்டுமே. இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர். அன்று அவரோடு புனிதரானவர்களில் ஒருவர் சார்லஸ் தெ ஃபூக்கோ. பிரான்ஸ் நாட்டில் செல்வக் குடும்பத்தில் பிறந்து, படை அதிகாரியாக இருந்தவர். பின்னாளில் இயேசுவின் மறைந்த வாழ்வைத் தேடி இதே நாசரேத்துக்குப் போய், கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் எடுபிடி வேலைக்காரராகச் சில ஆண்டுகள் இருந்தார். தங்கியது கருவிகள் வைக்கும் கொட்டகையில். நாசரேத்தார் இகழ்ந்து ஒதுக்கிய அந்த வாழ்வை அவர் விரும்பித் தேடிப் போனார்.

நம் கடற்கரையையும் கொஞ்சம் பார்ப்போம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. பல வீடுகளில் அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு ஒன்பது மாதத்துக்குள், 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். அரசின் ஆணைக்குக் காத்திராமல் மீனவர்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். மலப்புரம் மாவட்டத்தில் மீட்புப் படகில் ஏற முடியாமல் தவித்த பெண்களுக்காக, ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்து முதுகைப் படியாகக் கொடுத்தார். அவருடைய முதுகில் மிதித்துப் படகில் ஏறினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. அவர் ஓர் இசுலாமிய மீனவர். அன்று மாடிகளில் நின்று கையசைத்தவர்கள் எவரும் வருகிற வள்ளம் யாருடையது என்று கேட்கவில்லை. ‘யாருக்க மவன்’ என்கிற கேள்வி வெள்ளத்தோடு போய்விட்டது.

தண்ணீர் வடிந்ததும் அது திரும்பி வந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் நம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதியவரான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்டுக் கதறியதைப் பலரும் காணொளியில் பார்த்திருப்போம். முதலமைச்சரே கண்டனம் தெரிவித்தார், ஊழியர்கள்மேல் நடவடிக்கை வந்தது. ஓட்டுநரையும் நடத்துநரையும் குறை சொல்வது எளிது. அதே வாடையோடு ஒருவர் ஞாயிறு காலை இரண்டாம் திருப்பலிக்கு வந்து நம் பெஞ்சில் உட்கார்ந்தால் நாம் கொஞ்சம் தள்ளி உட்காருவோமா, எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவோமா? இயேசு முதலில் அழைத்த நால்வர் மீன் பிடித்தவர்கள். அவர்கள் உடம்பிலும் அந்த வாடைதான் இருந்திருக்கும்.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல் தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றிச் சொல்கிறார். அதை எடுத்துவிடும்படி மூன்றுமுறை வேண்டினார், எடுக்கப்படவில்லை. வலுவின்மையில்தான் கடவுளின் வல்லமை முழுமையாகிறது என்ற பதில் கிடைத்தது. பங்கு என்னும் உடலுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். வலுவற்றவர்கள் என்று நாம் ஓரத்தில் வைத்திருப்பவர்களிடம் கடவுள் எதையோ கொடுத்துவைத்திருக்கிறார். நாம் போய்க் கேட்கும் வரை அது அங்கேயே இருக்கிறது.

எனவே வருகிற வார அன்பியக் கூட்டத்தில் ஒன்றைச் செய்து பார்க்கலாம். நம் பங்கில் இதுவரை ஒருமுறைகூட வாசகம் வாசிக்க அழைக்கப்படாதவர்கள் யார், பங்குப்பேரவையில் ஒரு தடவையும் இடம்பெறாத தெரு எது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். இரங்கி உதவி செய்வதற்காக இந்தப் பட்டியல் வேண்டாம். அவர்கள் வீட்டுக்குப் போய், நம் பங்கைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, பதில் பேசாமல் திரும்பி வரலாம். ஆலயத்தைப் பெருக்குகிற அம்மா, மணியடிக்கிற கோயில்பிள்ளை, கல்லறை வெட்டுகிறவர், இவர்களிடமிருந்து தொடங்கலாம். கல்லறை வெட்டுகிறவருக்கு நம் எல்லாக் குடும்பங்களின் துக்கமும் தெரியும். அவருடைய வீட்டுத் துக்கத்துக்கு எத்தனை பேர் போனோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

காற்றாடிமலையில் தேவசகாயத்தைச் சுட்டவர்கள் உடலைக் காட்டுக்குள் எறிந்துவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் சிலர் அந்தக் காட்டுக்குள் நுழைந்து தேடினார்கள். எஞ்சிக் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்து, கோட்டாறு சவேரியார் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பீடத்தின் முன்பாக அடக்கம் செய்தார்கள். இன்று அந்த இடத்தில் நாம் முழந்தாளிடுகிறோம். நாமானின் வீட்டுச் சிறுமிக்கு விவிலியத்தில் பெயர் இல்லாதது போல, நாம் சொல்லும் தேவசகாயத்தின் கதையிலும் காட்டுக்குள் போனவர்களின் பெயர் வருவதில்லை. யாருடைய மக்கள், எந்தத் தெரு என்றும் வருவதில்லை. அவர்கள் சுமந்து வந்ததுதான் கோட்டாற்றில் இருக்கிறது.